நம்ம கெணத்து மோட்டார்

எங்கள் நிறுவனத்தில் மண்ணைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், பம்புசெட்டைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். காரணம் ஒன்றுதான். "உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்றார் மேலாளர். அவர் சீனர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் தமிழ், பாதி பள்ளிக்கூடத்திலும் மீதி தேக்கா சந்தையிலும் பொறுக்கியது என்பது அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஓசியில் ஊர் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

விவசாயத்தில் எனக்கிருந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்த்தேன். எங்கள் நிறுவனத்தின் கருவி ஒன்றைத் தொட்டியில் குத்தி வைத்திருந்தேன். "ஈரம் போதுமானது" என்று அது தினமும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. செடி செத்த மறுநாளும் அனுப்பியது.

போன வேலை இதுதான். முழங்கை நீளத்தில் குச்சி மாதிரி இருக்கும் அந்தச் சென்சாரை வயலில் நட வேண்டும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்து, உள்ளே இருக்கும் சிம் வழியாக அது செய்தி சொல்லும். மண் காய்ந்திருந்தால் கிணற்று மோட்டாரைத் தானே ஓடவிடும், நனைந்ததும் தானே நிறுத்தும். 'மனிதர் குறுக்கிட வேண்டியதே இல்லை' என்று எங்கள் விளம்பரத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிய புண்ணியவானும் நான்தான்.

முதல் நாள் மாலை சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம் என்று ஒரு சந்தையையே அடைத்துத் தருகிறார்கள். நான் நாசூக்காகப் பாதியைக் கடித்தேன். மீதிப் பாதி உடைந்து, நிறுவனத்தின் பெயர் போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கியது. "அப்படியே முழுசா வாயில போட்றோணுங்க. கடிச்சா சட்டைதான் சாப்புடும்" என்றார் கடைக்கார அம்மா. இதைக் கடிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அந்தப் பீட்ரூட் கறையோடுதான் அடுத்து வந்த அத்தனை பேருக்கும் நான் அறிமுகமானேன்.

மறுநாள் காலை வாழப்பாடிக்குப் போக வேண்டும். பேருந்து நிலையத்தில் நான் வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் நான் ஒருவன்தான் இருந்தேன். பேருந்து வந்ததும் ஊரே முன் கதவிலும் பின் கதவிலும் ஏறியது, ஜன்னல் வழியாகக் கைக்குட்டைகள் பறந்து இடம் பிடித்தன. கடைசியில் நடத்துநர், "ஏறுறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியில் ஏறினேன்.

வாழப்பாடியில் சின்னராஜ் என்பவரின் பாக்குத் தோப்பில் எங்கள் ஆட்கள் முன்பே ஒரு சென்சார் நட்டிருந்தார்கள். சில வாரங்களாக அதனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. தோப்பு நிழல் காரணமாக, அதற்கு மின்சாரம் தரக் கம்பத்தில் மாட்டிய சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் போதவில்லை என்று சிங்கப்பூரில் கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தோம். போய்ப் பார்த்தால், தகடு முழுவதும் சந்தனம். நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம். உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம்.

"புது மெசினாச்சே சார். பொட்டு வைக்காம எப்படி உடறது? வெள்ளிக்கிழமை தவறாம வச்சிட்டு வரேன்" என்றார் சின்னராஜ். பெருமையாகத்தான் சொன்னார். இது வெயிலைக் குடித்து உயிர் வாழ்கிற தகடு, சந்தனம் பூசினால் கண்ணைக் கட்டினது மாதிரி என்று விளக்கினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு தகட்டைத் துடைத்தார். பிறகு பொட்டைக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு, "இங்க இருந்தா அதுக்கு ஒண்ணும் கோவமில்லையே?" என்று கேட்டார். இல்லை என்று மெசின் சார்பில் உறுதி கொடுத்தேன். மதியமே அது சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது. நான் ஏதோ பெரிய பழுது நீக்கியதாக மேலாளர் பாராட்டி எழுதினார். நானும் நன்றி சொன்னேன், வெட்கமே இல்லாமல்.

அடுத்தது ராசிபுரத்தைத் தாண்டித் திருச்செங்கோடு போகும் வழியில் ஒரு கிராமம். நேர் பேருந்தைத் தவறவிட்டு நின்றவனை ஒரு முட்டை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வண்டியின் பின்னால் இடமில்லாமல் முன்னாலும் முட்டைத் தட்டுகள். "காலை நல்லா மடக்கிக்குங்க சாமி. உங்களுக்கு மரத்துப்போனாப் பரவால்லீங்க, முட்டை மேல பட்றக்கூடாது" என்றார். மடியில் சென்சார் பெட்டியும் கால்மாட்டில் முட்டையுமாக, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் அவர் பேச்சு. "இது நம்ம வண்டிதானுங்க." "அதோ, அந்தத் தென்னைமரத்துக்கு அக்கட்டால நம்மூடுங்க." ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மணியடித்த செல்பேசியை எடுத்துப் பார்த்து, "நம்ம சம்சாரங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் என் தமிழாசிரியர் 'நாங்கள்' என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை, 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி என்று பிரம்பை ஆட்டிக்கொண்டு நடத்தியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நிலைமை விபரீதம். நல்ல வேளையாகச் சீக்கிரம் தெளிந்தேன். இந்தப் பக்கத்தில் மரியாதைக்காக 'என்' என்பதையே 'நம்ம' என்கிறார்கள். வண்டி அவருடையது, வீடு அவருடையது, மனைவி சர்வ நிச்சயமாக அவருடையவர். ஆகவே 'நம்ம' என்றால் சொல்பவருக்கு மட்டும் சொந்தம். வந்த இரண்டாம் நாளே கொங்குத் தமிழின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டதே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். முட்டைகள் இருந்ததால் மெதுவாகத் தட்டிக்கொண்டேன்.

அந்தக் கிராமத்தில் சென்சார் கேட்டிருந்தவர் சரசு. அவர் தோட்டத்தில் மரவள்ளி இடுப்புயரம் நின்றது. அங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். சரசுவின் கணவர் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்தார். தோட்டம், மாடு, வீடு எல்லாம் சரசுதான். வரப்பில் இன்னொரு பெண்மணி உட்கார்ந்து என் கறைச் சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பூங்கொடி, சரசுவின் ஓரகத்தி. கணவருடைய அண்ணன் மனைவி. பக்கத்துத் தோட்டம் அவருடையது, அதில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்.

மோட்டாரோடு கருவியை இணைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "கிணறு யாருடையது?"

"நம்ம கெணறுதானுங்க" என்றார் சரசு. வரப்பில் இருந்த பூங்கொடியும் தலையாட்டினார்.

நான் சூட்சுமம் அறிந்தவனாயிற்றே! 'நம்ம' என்றால் சரசுவுக்கு மட்டும் சொந்தம். செல்பேசியில், உரிமையாளர் என்ற கட்டத்தில் சரசுவின் பெயரைத் தட்டினேன். ஓரகத்தி எதற்குத் தலையாட்டினார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஆனால் அப்போது வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் வந்துவிட்டன.

கருவியை நட்டு மோட்டாரோடு இணைத்தேன். "இன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மண் காய்ந்திருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும்" என்று வேறு சொல்லிவிட்டு, நாமக்கல் விடுதிக்குப் போய்ப் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டேன். தேங்காய்ப் பல்லும் காய்ந்த மிளகாயும் போட்டது. கண்ணில் நீர் வரவர இன்னொரு தட்டு கேட்டேன். விடுதிக்காரர், "ஜேடர்பாளையம் போய் ஆத்து மீன் வறுவல் சாப்புடாம ஊருக்குப் போயிராதீங்க" என்றார். வேலைதான் முடிந்துவிட்டதே, நாளைக்கே போகலாம் என்று திட்டம் போட்டுத் தூங்கினேன்.

காலையில் சரசுவின் அழைப்பில்தான் விழித்தேன். "ஏனுங் சார், ஒடனே பொறப்பட்டு வாங்க. குடியே கெட்டுப்போச்சு."

போய்ச் சேர்ந்தபோது கிணற்றடியில் பூங்கொடி இடுப்பில் கையை வைத்து நின்றார். சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் வற்றி அடிப்பாறை தெரிந்தது.

நடந்தது இதுதான். கிணறும் மோட்டாரும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் சரசுவின் முறை, மறுநாள் பூங்கொடியின் முறை. கோடையில் ஒரு நாள் இறைத்தால் கிணறு மறுபடி ஊற ஒரு நாள் ஆகும். முந்தின நாள் சரசுவின் முறை, அதை என் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுத்திருந்தார். தண்ணீரைத் திருப்பும் வால்வு அவர் தோட்டத்துப் பக்கமாகவே நின்றிருக்கிறது. விடியற்காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும், கிழங்கு காய்ந்திருப்பதைப் பார்த்த என் சென்சார் மோட்டாரை ஓடவிட்டது. மோட்டார்ச் சத்தம் கேட்ட சரசு, அக்காவின் முறைதானே என்று நினைத்துப் பால் கறக்கப் போய்விட்டார். பூங்கொடி மண்வெட்டியோடு வந்து பார்த்தபோது, அவர் முறைத் தண்ணீர் முழுக்கச் சரசுவின் கிழங்குக்குள் நின்றது. மனிதர் யாரும் குறுக்கிடவில்லை. விளம்பரத்தில் சொன்ன மாதிரியே.

"மிசினு தானா ஓடுச்சாம், தண்ணி தானா அவ தோட்டத்துக்குப் போச்சாம். என்ற காதுல பூ சுத்தறாளா?" என்றார் பூங்கொடி, என்னிடம். சரசுவின் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கே வண்டி வருது. எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லியாச்சு. வெங்காயக் காட்டு மூலையில போர் போட்டுக்கறேன். ஆரு தயவும் ஆருக்கும் வேண்டாம்."

அந்த ஊரில் 'வண்டி' என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. பூங்கொடியின் கணவர் அதில்தான் வடநாடெல்லாம் சுற்றுகிறார். பழுது பார்க்கத் திருச்செங்கோட்டுக்கு வந்த வண்டி, கூப்பிடு தூரத்தில் நின்றது.

சரசு என்னைத் தனியே இழுத்தார். "அந்த மூலையில போர் போட்டா நம்ம கெணறு அதோட வத்திப்போயிருமுங்க. இந்தத் தண்ணிக்காகவே முன்னாடி வருசக்கணக்கா மொகங்குடுத்துப் பேசாம இருந்தோம். அக்கா மக கல்யாணத்துலதான் மறுபடி பேச ஆரம்பிச்சது. இப்ப மறுக்காவும் இப்படி ஆயிருச்சுங்களே."

கறிவேப்பிலைச் செடியைக் கொன்றது என் வீட்டோடு போனது. இங்கே ஒரு கிணற்றையும் இரண்டு வீடுகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டுப் போகப்போகிறேன். பூங்கொடி முன்னால் போய்க் கைகட்டி நின்றேன்.

"தவறு முழுக்க முழுக்க என்னுடையது. இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன்."

பதற்றத்தில் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ்தான் வந்தது. பூங்கொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டி, இவரு ஏன் நியூசு வாசிக்கறாரு?" என்று சரசுவைக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நம்ம கெணறுன்னு இவங்க சொன்னாங்க. நான் இவங்க கிணறுன்னு நினைச்சிட்டேன்" என்றேன்.

"என்றதுன்னா என்றதுன்னு சொல்லீருப்பனுங்களே!" என்று சரசு வெடித்தார். அவர்கள் பேச்சில் 'என்ற' என்றால் 'என்னுடைய'. "அக்கா பக்கத்துல உக்கோந்திருக்கறப்ப என்ற கெணறுன்னு சொல்லுவனா? நம்மதுன்னேன். அக்காளும் தலையாட்டுச்சே!"

"எனக்கு எப்படிங்க தெரியும்? முட்டை வண்டிக்காரர் நம்ம வண்டின்னார், அது அவரோடது. நம்ம வீடுன்னார், அதுவும் அவரோடது. போன் வந்ததும் நம்ம சம்சாரம்னார். அங்கதான் நான் முடிவே பண்ணினேன். நம்மன்னா ஒருத்தருக்கு மட்டுந்தான் சொந்தம்னு."

பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சரசு கிணற்று மேட்டில் உட்கார்ந்தே விட்டார். "நம்ம சம்சாரமாமா அக்கா!" என்று அவர் சொல்ல, "அந்த முட்டைக்காரன் சம்சாரத்துக்குத் தெரியோணும், இருக்குது இவருக்கு" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வாழ்க்கையில் என் அறியாமை இவ்வளவு பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

"சிரிச்சாச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றார் பூங்கொடி, மூச்சு வாங்கிக்கொண்டு. "வெங்காயத்துக்குத் தண்ணி எங்க?"

"நாளைக்கு என்ற மொறைய அக்காவே எடுத்துக்கட்டும்" என்றார் சரசு.

"மொதல்ல அந்த மிசினக் கழட்டட்டும். தண்ணிய இவரே வந்து கட்டட்டும். வண்டிய வேண்டாங்கறதா வரச் சொல்றதான்னு அப்பறம் பாக்கலாம்."

ஆக, ஜேடர்பாளையம் மீன் போயிற்று. மறுநாள் விடிந்ததும் வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றேன். தண்ணீர் கட்டுவது என்றால் ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்ததன் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்றை அடைப்பதற்குள் மூன்று திறந்துகொண்டன. நான் அடைத்தது எல்லாம் கரைந்தது, திறந்தது எல்லாம் வேண்டாத இடம். ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. "வெங்காயத்துக்குத் தண்ணி கட்டச் சொன்னா இவரு குளிக்கறாரு" என்றார் பூங்கொடி. கொஞ்ச நேரத்தில் சரசுவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டார்கள். என்னிடமிருந்து மண்வெட்டி மரியாதையோடு பறிக்கப்பட்டது.

மதியம் சரசு வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே நெய். மூன்று பேருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோடு அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். ரிக் வண்டி! முன்னால் துளைக்கும் லாரி, பின்னால் கம்ப்ரசர் லாரி. இரண்டும் பூங்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றன.

சரசு கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டார். நான் எழுந்து ஓடினேன். ஏன் ஓடினேன், ஓடிப் போய் அவ்வளவு பெரிய லாரியை என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எச்சில் கையும் ஒற்றைச் செருப்பும் தலையிலிருந்து கால்வரை சேறுமாக, "வேண்டாங்க, வேண்டாங்க" என்று கத்திக்கொண்டு போய் வண்டி முன்னால் வழுக்கி விழுந்தேன்.

லாரியிலிருந்து இறங்கிய பூங்கொடியின் கணவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு பின்னால் வந்துகொண்டிருந்த மனைவியிடம், "ஆரு இது?" என்று கேட்டார்.

"நம்ம சென்சாருக்காரருங்க" என்றார் பூங்கொடி. "போர் போட வந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டாரு. நாந்தான் காத்தால போன் பண்ணி வேண்டான்னு சொல்லீட்டனே, இவரு அதுக்குள்ள உருண்டு பொரள்றாரு."

அவர் துணிமணி எடுக்கவும் மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போகவும் வந்திருந்தார். காலையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னை மதியம்வரை சேற்றில் விட்டிருக்கிறார் பூங்கொடி! கோபம் வரவில்லை. சரசு ஓடி வந்து, "அக்கா" என்று மட்டும் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முழுக்கச் சேறாக இருந்ததில் ஒரு வசதி, முகத்தை எவ்வளவு துடைத்தாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நிபந்தனையோடு மெசினை மறுபடி மாட்டச் சம்மதித்தார்கள். மண் காய்ந்தால் அன்றைய முறைக்காரரின் செல்பேசிக்கு, 'மோட்டாரை ஓடவிடலாமா?' என்று செய்தி போக வேண்டும். ஒன்றை அழுத்தினால் ஓடும், சைபரை அழுத்தினால் சும்மா இருக்கும். எல்லாம் எழுதி முடித்து, உரிமையாளர் கட்டத்துக்கு வந்தேன். ஒரு பெயரைத்தான் ஏற்பேன் என்று அது அடம்பிடித்தது. கொஞ்ச நேரம் யோசித்து, 'நம்ம' என்று போட்டேன்.

சிங்கப்பூர் திரும்பிய வாரமே மேலாளர் கூப்பிட்டார். "நாமக்கல்லில் திரு. நம்ம என்றொரு விவசாயி இருக்கிறாரே, எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். அவர் இரண்டு பேர் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு ஒரு காலை, எங்கள் பொறியாளர்கள் ஒரு பதிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். கருவிக்குப் புரியவில்லை, தமிழ் தெரிந்தவன் நான்தானே. ஒன்றும் சைபரும் அழுத்தாமல், பூங்கொடி பேசியே அனுப்பியிருந்தார். பின்னணியில் ஒரு சேவல் கூவியது.

"இன்னிக்கு என்ற மொறைதானுங் சார். ஆனா சரசு கெழங்கு வாடிப்போய்க் கெடக்குது, வெங்காயம் ஒரு நாள் தாங்கும். இன்னிக்கு அவளே எடுத்துக்கட்டும். இதுக்கு ஒண்ண அழுத்தறதா, சைபர அழுத்தறதா?"

நான் மொழிபெயர்த்தேன். அதற்கென்று ஒரு பொத்தான் எங்களிடம் இல்லை. ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்கள், இரண்டு என்று ஒரு புதிய எண் கொடுக்கலாமா என்று விவாதித்தார்கள். அதற்குள் கிழங்கு காய்ந்துவிடுமே என்று பதறி, நான் வெளியே வந்து சரசுவை அழைத்தேன். மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா காத்தாலயே ஊட்டுக்கு வந்து சொல்லீட்டுப் போயாச்சுங்க சார்" என்றார் சரசு. "நானும் பட்டனைக் கையில அமுக்கி ஓட உட்டுட்டேன். உங்களுக்குச் சத்தம் கேக்குதுங்களா?"

கேட்டது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.